காலியாக விட்ட ஓட்டை

“எண்ணெய் வைக்கிற கால் புரியுதும்மா. ஒண்ணுமே வைக்காம தைக்கப்போற அந்த இன்னொரு காலை எதுக்குக் குடையணும்?”

விலங்கு நெறிமுறைக் குழுவில் என்னிடம் இதைக் கேட்டவர் விஞ்ஞானி இல்லை, ஓய்வுபெற்ற தமிழாசிரியை. முயலோ எலியோ, எதை வைத்து ஆராய்ச்சி செய்வதென்றாலும் நம் நாட்டில் இப்படி ஒரு குழுவின் முன்னால் போய் உட்கார வேண்டும். ஆராய்ச்சியோடு ஒட்டுறவு இல்லாத பொது ஆள் ஒருவர் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் (தாம்பரம் தாண்டி, பெயர் வேண்டாமே) அந்தப் பொது ஆள் இவர். கால்நடை மருத்துவர் மயக்க மருந்தின் அளவைக் கேட்டார். இன்னொருவர் முயலின் எடையைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மனப்பாடமாகப் பதில் வைத்திருந்தேன். இதற்கு மட்டும், “அது கன்ட்ரோல், மேடம்” என்றேன்.

“அது பேரு. நான் காரணத்தக் கேட்டேன்.”

கைடு குறுக்கே புகுந்து ஏதோ புள்ளியியல் பேசிக் காப்பாற்றிவிட்டார். 18 முயலுக்கு ஒப்புதல் கையெழுத்தாகி வந்தது. அது 2023 மார்ச். டீச்சரின் கேள்விக்கு எனக்கே பதில் தெரிய அந்த வருடம் முழுக்க ஆனது. ஒரு புயலும் வர வேண்டியிருந்தது.

அவர் சொன்ன எண்ணெய், விளக்கெண்ணெய். என் பிஎச்.டி. அதில்தான்.

நான் ராசிபுரம் பக்கம். நிலக்கடலைக் காட்டின் ஓரத்தில் வேலி மாதிரி கொட்டமுத்துச் செடி நிற்கும். மெட்ராஸ்காரர்களுக்கு ஆமணக்கு என்றால்தான் புரியும். அம்மாயி முத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதந்து வருகிற எண்ணெயை அகப்பையால் வழித்து எடுப்பாள். வீடே ஒரு மாதிரி நாறும். பிழிந்த சக்கையை மாட்டுக்கு வைக்க மாட்டாள், குப்பைக்குழியில்தான் போடுவாள். ரிசின் என்கிற கொடிய நஞ்சு எண்ணெயில் கரையாமல் சக்கையிலேயே தங்கிவிடுகிறது என்று நான் படித்தது எம்.எஸ்சி.யில். அவளுக்குப் படிக்காமலே தெரியும்.

பரீட்சை லீவு விட்டால் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பேதி. “மூக்கப் புடிச்சுக்க கண்ணு, ஒரே முழுங்கு.” இந்த எண்ணெயை வைத்துத்தான் எலும்பு செய்யப்போகிறேன் என்று போனில் சொன்னபோது கொஞ்சநேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள்: “நாங் குடுத்தது வவுத்துக்கு. அது எப்பிடி சாமி எலும்புக்குப் போவும்?”

எப்படிப் போகிறது என்றால், விளக்கெண்ணெயில் நல்லெண்ணெய்க்கும் கடலையெண்ணெய்க்கும் இல்லாத ஒரு கொக்கி இருக்கிறது. அதில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு ரிசினோலிக் அமிலம். 18 கார்பன் கொண்ட அந்தச் சங்கிலியில் 12ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் நீட்டிக்கொண்டு நிற்கும். ஐசோசயனேட் என்கிற வேதிப்பொருளைக் கொண்டுவந்து கலந்தால் அது இந்தக் கொக்கிகளைப் பிடித்து ஒன்றோடொன்று கோத்துவிடும். கிடைப்பது பாலியூரித்தேன். மெத்தையிலும் செருப்பு அடியிலும் இருக்கிற அதே குடும்பம்தான், தாய்வழி மட்டும் வேறு. கலவையில் சொட்டுத் தண்ணீர் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, புளித்த இட்லி மாவு மாதிரி பொங்கிவிடும். எங்களுக்கு அந்தப் பொங்கல் வேண்டும். எலும்பும் ரத்தக்குழாயும் உள்ளே நுழைய 100 மைக்ரானுக்கு மேல், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், துளை இருந்தால்தான் ஆகும். பொங்கிய கட்டியை உடைத்து, சலித்து, கல்கண்டுத் தூள் அளவுக்கு மணிகளாக எடுப்பேன். முதல் ஆறு மாதம் நான் செய்ததெல்லாம் இந்தச் சல்லடை வேலைதான். அதில் எழுத ஒன்றுமில்லை.

ஏன் இதற்கு இவ்வளவு பாடு என்று அப்பாகூடக் கேட்டார். எலும்பில் பெரிய பள்ளம் விழுந்தால் அதை அடைக்க இன்றுவரை முதல்தரம், அந்த ஆளின் இடுப்பெலும்பிலிருந்தே சுரண்டி எடுத்து வைப்பதுதான். ஆனால் ஒரு புண்ணை ஆற்ற இன்னொரு புண். எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சம். இல்லையென்றால் இறந்தவர்கள் தானம் செய்த எலும்பு. இல்லையென்றால் பதப்படுத்திய மாட்டெலும்புத் தூள், பல் டாக்டர்கள் அதிகம் வைப்பது அதுதான். என் தோழி ஒருத்தி மயிலாப்பூரில் பல் கிளினிக் வைத்திருக்கிறாள். ஈறு எலும்பு தேய்ந்த மாமி ஒருவர், தூள் எதிலிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, பல்லே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாராம். இதெல்லாம் போக, கால்சியம் பாஸ்பேட்டில் செயற்கையாகச் செய்யும் பீங்கான் வகைகள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, இந்தத் துறையில் எல்லோரும் இலுப்பைப்பூதான் விற்கிறோம். எது கொஞ்சம் அதிகம் இனிக்கும் என்பதில்தான் போட்டி.

செடிகொடியிலிருந்து எடுக்கும் இலுப்பைப்பூவுக்குச் சமீபகாலமாக மவுசு. இத்தாலியில் ஃபயன்சா என்கிற ஊரில் பிரம்பையே எடுத்து, சுட்டுக் கரியாக்கி, படிப்படியாகக் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்றி எலும்புத்தாதுவாக மாற்றியிருக்கிறார்கள். பிரம்பின் நரம்புக்குழல்கள் அப்படியே மிஞ்சி, ரத்தக்குழாய்க்குப் பாதையாகின்றன. மக்காச்சோள மாவிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலத்தில் திருகாணி செய்கிறார்கள். விளக்கெண்ணெய் விஷயத்தில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. உலகத்து ஆமணக்கில் பெரும்பங்கு விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். ஆனால் அதை எலும்புக்குக் கொண்டுபோகலாம் என்று தோன்றியது பிரேசில்காரருக்கு. சாவோ கார்லோஸ் ஊரில் வேதியியல் பேராசிரியர் ஜில்பெர்ட்டோ சியரீசி, 1980களில். அவர்கள் மொழியில் ஆமணக்குக்கு மமோனா என்று பெயர். இவரைப் பற்றி இன்னொரு கதையும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இனி முயல்.

நியூசிலாந்து வெள்ளை. பெயரில்தான் நியூசிலாந்து, வளர்ப்பதெல்லாம் இங்கேதான். ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்குப் பக்கம், காதுக்குள் பச்சை குத்திய எண். பார்ப்பதற்குப் பஞ்சு மூட்டை. தூக்கத் தெரியாமல் தூக்கினால் பின்னங்கால்களை ஓங்கி உதைத்து, தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். அவ்வளவு வலுவான தொடைக்கு அவ்வளவு மெல்லிய எலும்பு. எனக்குத் தூக்கச் சொல்லிக்கொடுத்தது அனிமல் ஹவுஸ் அண்ணன். “ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்னாடிக்கு. உங்க வயித்தோட ஒட்டி வச்சுக்கோங்க. கீழ விழுந்துருவோம்னு அதுக்குத் தோணவே கூடாது.” இரண்டு வாரம் என்னை வெறுமனே கூண்டு கழுவவும் குதிரைமசால் போடவும் மட்டும்தான் விட்டார். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பொண்ணை இப்படியா என்று முதலில் ரோஷமாக இருந்தது.

முயலுக்கு வலித்தால் காட்டிக்கொள்ளாது. வேட்டையாடப்படுகிற ஜாதி, நோவு தெரிந்தால் நரிக்கு நேர்ந்துகொண்ட மாதிரி. அதனால் ஆபரேஷன் முடிந்த முயலைப் பார்க்க உட்கார்ந்தால் நீங்கள் பார்க்க வேண்டியது முகத்தை இல்லை, தட்டை. கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டில் புழுக்கை விழுகிறதா? விழுந்தால் குடல் ஓடுகிறது, முயல் பிழைக்கும். விழவில்லை, தீவனமும் அப்படியே இருக்கிறது என்றால் குடல் நின்றுகொண்டிருக்கிறது, ஒரு நாளுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். வாந்தியெடுக்க முடியாத பிராணி என்பதால் ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி போடத் தேவையில்லை; போட்டால்தான் கெடுதல். வலிக்கு ஊசி போட்டுவிட்டு, கொத்தமல்லித் தழையை மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருப்பேன். நோட்டில் எழுதுவேன்: 7ஆம் எண், புழுக்கை 14. 9ஆம் எண், புழுக்கை 3, சின்னது. என் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு கவனமாக எண்ணியதில்லை.

“கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டுப் பாத்துக்கங்கம்மா” என்றார் அண்ணன் ஒருநாள், ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது. வாசல்வரை போனவர் திரும்பி நின்று சிரித்தார். “நீங்க அதுங்க கால்லயே விட்டுட்டீங்க.”

ஆபரேஷன் கதையை நீட்டப்போவதில்லை. தொடையெலும்பின் கீழ்முனையில், முழங்காலுக்கு மேலே குமிழ் மாதிரி புடைத்திருக்கும் இடத்தில், 6 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் ஆழம். டிரில் ஓடும்போது விடாமல் சலைன் ஊற்ற வேண்டும். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே பழுதுபட்டுவிடும். (எலும்பு சிமென்ட் என்று ஆர்த்தோ டாக்டர்கள் வைக்கும் அக்ரிலிக் இறுகும்போது அதைவிட நிறையச் சுடும். விளக்கெண்ணெய்ப் பாலிமர் இறுகும் சூடு கிட்டத்தட்ட 45 டிகிரியோடு நின்றுவிடும் என்பது அதற்குச் சாதகமாகச் சொல்வது. நான் வைத்தது ஏற்கெனவே இறுகிய மணி, ஆகவே அந்தப் பெருமை எனக்கு உதவவில்லை.) இடது காலில் மணிகள். வலது காலில் அதே ஓட்டை, உள்ளே ஒன்றுமில்லை. 4 வாரம், 8 வாரம், 12 வாரம் என்று ஆறு ஆறு முயல்.

வலது கால் விஷயத்தில் எனக்கே உறுத்தல் இருந்தது. 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு பேர் சொன்ன மூன்று விதிகளை இந்தத் துறையில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம்: முடிந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. ஒரே முயலின் மறுகாலையே ஒப்பீட்டுக்கு வைத்ததால் 36 முயல் 18 ஆகக் குறைந்தது. ஆனால் அந்த 18க்கும் தாங்கி நிற்க ஒரு நல்ல பின்னங்கால்கூட இல்லை. இரண்டாவது விதியைக் காப்பாற்ற மூன்றாவது விதியைக் கொஞ்சம் விற்றேன். விண்ணப்பத்தில் இதை எழுத ஒரு கட்டமும் கிடையாது.

திருவான்மியூர் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்று நினைப்பேன். இந்தக் குழு, இந்த விண்ணப்பம், டீச்சரின் கேள்வி எல்லாம் அங்கே கலாக்ஷேத்திராவில் இருந்த ஒரு அம்மாளிடமிருந்து தொடங்குகிறது. ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் மிருகவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசாங்கமே செய்வதாக நேரு உறுதி சொன்ன பிறகு திரும்பப் பெற்றார். 1960இல் சட்டம் வந்தது. 1962இல் விலங்குநல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் பல வருடம் சென்னையிலேயே இருந்தது. பரதநாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைவு வைத்திருக்கிறோம். என் 18 முயலுக்கும் அவர்தான் காவல் தெய்வம்.

4 வார முயல்கள் முடிந்தன. முடிந்தன என்று எழுதும்போது என்ன எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும். எக்ஸ்ரே எடுத்தோம். எண்ணெய்ப் பாலிமர் எக்ஸ்ரேயில் தெரியாது, சுண்ணாம்பு கலந்தால்தான் உண்டு, நான் கலக்கவில்லை. இடதிலும் கருப்பு வட்டம், வலதிலும் கருப்பு வட்டம். எக்ஸ்ரே எடுத்தவர், “ரெண்டும் காலிதானே?” என்றார். பிறகு எலும்பை ஈடிடிஏ கரைசலில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, சுண்ணாம்பை இழுத்து, மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

இடது கால்: சீழ் இல்லை, பெரிய அழற்சி இல்லை. மணிகளைச் சுற்றி மெல்லிய நார்த்திசு. ஓட்டையின் விளிம்பிலிருந்து புது எலும்பு விரல் நீட்டுகிற மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தது. கத்தாத குறை. கைடுக்கு போட்டோ அனுப்பினேன், அம்மாவுக்கு அனுப்பினேன், மயிலாப்பூர் தோழிக்கு அனுப்பி, மாமியைக் கூப்பிடு என்றேன்.

மறுநாள்தான் வலது காலை எடுத்து வைத்தேன். அதிலும் விரல்கள். இடதைவிட நீளமான விரல்கள். முந்தின நாள் நான் எண்ணெய்க்குப் போட்ட மார்க்கு அத்தனையும் முயலுடையது.

முயல் எலும்பு நம்முடையதைவிட மிக வேகமாகக் கூடும். முதல் மாதத்தில் அது தன் வேலையைத் தானே செய்துகொண்டிருந்தது, என் மணிகள் வழியை மறித்துக்கொண்டு நின்றன. வலது கால் இல்லாமல் போயிருந்தால், ‘விளக்கெண்ணெய்ப் பாலிமர் நான்கே வாரத்தில் எலும்பை வளர்க்கிறது’ என்று நான் எழுதியிருப்பேன். மனசாரப் பொய் சொல்லியிருக்க மாட்டேன். இருந்தாலும் பொய்தான்.

சியரீசியின் மறுகதை இங்கேதான் வருகிறது. ஆமணக்கு எலும்புக்காக மதிக்கப்பட்ட அதே மனிதர், பாஸ்போஎத்தனோலமின் என்ற பொருளைப் புற்றுநோய்க்கு மருந்தென்று நம்பினார். மனிதர்களிடம் முறையான சோதனை நடக்கும் முன்பே சாவோ கார்லோஸிலிருந்து மாத்திரைகள் வருடக்கணக்கில் நோயாளிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. குணமானோம் என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். மாத்திரை கேட்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 2016 ஏப்ரலில் அதை அனுமதித்துச் சட்டமே வந்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. சாவோ பாவ்லோவில் முறையாகத் தொடங்கிய சோதனையில் பலன் தெரியாததால் 2017இல் புது நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் இடதுகால் ஸ்லைடை முதலில் பார்த்த அந்த ஒரு ராத்திரி நானும் அவர்தான்.

இனி புயல்.

8 வார முயல்கள் ஆறில் இரண்டைச் சுண்ணாம்பு இழுக்காமல் பிளாஸ்டிக் ரெசினில் பதிக்கவென்று தனியாக வைத்துவிட்டேன். மீதி நாலு முயலின் எட்டு எலும்புகள் ஈடிடிஏவில் ஆறு வாரம் ஊறி நவம்பர் கடைசியில் தயாராயின. 2023 டிசம்பர் 2, சனிக்கிழமை சாயங்காலம், எட்டையும் திசு பதப்படுத்தும் மெஷினில் போட்டேன். கூடை தானாக நகர்ந்து ஆல்கஹால், சைலீன், உருகிய மெழுகு என்று ஒவ்வொரு ஜாடியாக இறங்கி ஏறும். எலும்புக்கான நீண்ட புரோகிராம், திங்கள் காலை மெழுகில் ரெடியாக இருக்கும் என்று கணக்கு. புயல் வருகிறது, திங்கட்கிழமை வெளியே வராதீர்கள் என்று ஊரே அலறிக்கொண்டிருந்த நாள் அது. எனக்கும் தெரியும். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். ஜெனரேட்டர் லைன் அனிமல் ஹவுஸுக்கு மட்டும்தான், ஸ்லைடு ரூமுக்கு இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள்.

மிக்ஜாம் வந்தது. வேளச்சேரியில் என் தெருவில் இடுப்பளவு தண்ணீர். முதல் மாடியில் நாங்கள் மூன்று பேர், ஒரு பாக்கெட் பிரெட், செல்லில் சார்ஜ் இல்லை. 12 வார முயல்கள் ஆறு உயிரோடு இருந்தன. அவற்றை நினைத்துத்தான் கதிகலங்கியது. மெஷின் ஞாபகமே வரவில்லை. புதன்கிழமை ஒரு கடையில் சார்ஜ் போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை போனவர் வீட்டுக்கே திரும்பவில்லை. முடிச்சூரில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது தெரிந்தும். “ஆறும் நல்லாருக்கும்மா. புழுக்கை போடுது.”

வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தேன். கூடை சைலீன் ஜாடிக்குள் அப்படியே நின்றிருந்தது, நாலு நாளாக. பக்கத்து ஜாடியில் மெழுகு உறைந்து கல்லாகிக் கிடந்தது. உயிரோடு இருந்த ஆறையும் அண்ணன் காப்பாற்றிவிட்டார். செத்துப்போன நாலை நான் இரண்டாம் முறை சாகடித்தேன்.

சைலீனில் அளவுக்கு மேல் கிடந்த திசு உலர்ந்து விறைத்துவிடும். கத்தியில் வைத்தால் முறுக்கு மாதிரி நொறுங்கியது. கஷ்டப்பட்டு ஒரு சீவல் வந்தாலும் மணிகள் கழன்று விழுந்து, அந்த இடமெல்லாம் ஓட்டை. இடதும் காலி, வலதும் காலி. எக்ஸ்ரேகாரர் சொன்ன மாதிரியே ஆகிவிட்டது.

கைடு கோபப்படவில்லை. “நாலு முயல் கூடுதலா கேட்டு எழுதிடு, புயல்னு போட்டா ஒத்துக்குவாங்க” என்றார். எழுதினேன். மறுபடியும் அதே மேஜை, அதே டீச்சர்.

“முதல்ல குடுத்த நாலு என்னம்மா ஆச்சு?”

புயல் என்று சொல்ல வாய் வந்தது. “கரண்ட் போச்சு மேடம். ஆனா புயல் வருதுன்னு தெரிஞ்சுதான் மெஷின்ல போட்டேன். என் தப்பு.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கால்நடை மருத்துவர்தான் கேட்டார்: அந்த எட்டுக் கட்டையிலும் இனி ஒன்றுமே எடுக்க முடியாது என்று யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை. நான்தான் கேட்கவேயில்லை. முதலில் அதைப் பார்த்துவிட்டு வா, அதற்குப் பிறகு புது முயல் பற்றிப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஸ்லைடு ரூம் அக்கா இருபது வருட சர்வீஸ். “எங்கிட்ட மொதல்லயே வந்திருக்கக் கூடாதா?” என்றுதான் ஆரம்பித்தார். மெழுகுக்கட்டையின் முகத்தை உருகும் ஐஸ் மேல் கவிழ்த்து வைத்து, ஈரம் ஊறவிட்டு, உடனே சீவ வேண்டும். இரண்டு மூன்று சீவல், மறுபடியும் ஐஸ். வழக்கமான 4, 5 மைக்ரான் வேண்டாம், 8 போதும். ஸ்லைடில் முட்டை வெள்ளைக்கருவும் கிளிசரினும் கலந்து தடவினால் மணி ஒட்டி நிற்கும். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே வேலை. முப்பது சீவலுக்கு ஒன்று தேறும். தேறினால் அக்கா ஒரு கடலைமிட்டாய் தருவார். எட்டில் ஐந்து கட்டை பிழைத்தன. அதில் இரண்டு காலும் ஜோடியாக மிஞ்சியது இரண்டு முயலுக்குத்தான். புது முயல் கேட்கவில்லை. தீசிஸில் 8 வாரக் கணக்கில் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று ஒரு பத்தி எழுதினேன். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பத்தியைத்தான் துருவினார்.

12 வாரத்தில் கதை கொஞ்சம் மாறியிருந்தது. எண்ணெய்க் காலில் மணிகள் கரையவேயில்லை என்று சொல்லலாம். ஆனால் நார்த்திசு விலகி, எலும்பு நேராக மணியைத் தொட்டுக்கொண்டு, மணிக்கு மணி பாலம் போட்டுக்கொண்டு நடுவரை போயிருந்தது. வலது காலில் விளிம்பெலும்பு கொஞ்ச தூரம் வந்து நின்றுவிட்டது. ஆக, என் பாலிமர் எலும்பை வளர்க்கவில்லை. எலும்பு பிடித்து ஏறக் கொடிப்பந்தல் மாதிரி நின்றது, கெடுதல் செய்யவில்லை, அவ்வளவுதான். கொழுத்த முயலின் காலிலிருந்து மாமியின் தாடைக்கு இன்னும் எவ்வளவோ தூரம்.

தீசிஸ் கொடுத்த வாரம் டீச்சருக்கு போன் செய்தேன். நம்பரைக் கல்லூரி ஆபீஸில் வாங்கினேன், அவர் எதிர்பார்க்கவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்றேன். ஒரு செவ்வாய்க்கிழமை மின்சார ரயிலில் வந்தார், கைப்பையில் எனக்கு நாலு நெல்லிக்காயோடு. 4 வாரத்து இடது, 4 வாரத்து வலது, இரண்டையும் காட்டி, நான் ஏமாந்த ராத்திரியைச் சொன்னேன். சிரித்தார். பிறகு 12 வாரத்து வலது காலை வைத்தேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்பநேரம் குனிந்திருந்தார். நீலமாக எலும்பு இழைகள், நடுவே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு மஜ்ஜை, அதற்குள் சிவப்புப் புள்ளியாக ரத்தக்குழாய்கள். குமிழைத் திருப்பி மெதுவாக இடது பக்கம் போனார், வலது பக்கம் போனார்.

“காலின்னு சொன்னியே, அது எங்கம்மா இருக்கு?”

ஸ்லைடின் ஓரத்தில் லேபிளைக் காட்டினேன். ‘11 வ’ என்று பென்சிலில் எழுதியிருந்தது.